பதினைந்தாவது குறையை நீக்கித் தரக் கோரி

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக் (ஓய்வு),
அவர் மனைவி, தபால் அலுவலக எழுத்தர் (ஓய்வு),
கதவு எண் 9, இரண்டாம் மாடி.

பெறுநர்:
உரிம அதிகாரி அவர்கள்,
வீடு, மனைத் தரகர்கள் பதிவு அலுவலகம்,
மூன்றாம் மாடி (லிஃப்ட் பழுது).

பொருள்: எங்கள் வீட்டை விற்றுத் தருவதாக ஏற்றுக்கொண்டு, அதைக் காட்டி வேறு வீடுகளை விற்ற தரகர் மீது நடவடிக்கை எடுக்கவும், எங்கள் அசல் பத்திரத்தை மீட்டுத் தரவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 22.10.2025 (இணைப்பு இல்லை என்று திருப்பப்பட்டது).
2. எனது மனு, நாள் 03.11.2025 (உரிமையாளர்கள் இருவரும் நேரில் வரவில்லை என்று திருப்பப்பட்டது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது மூன்றாவது மனு. முதல் இரண்டையும் மரியாதையாகவும் சுருக்கமாகவும் எழுதினேன். சுருக்கமாக இருந்ததால்தான் யாரும் படிக்கவில்லையோ என்று என் மனைவிக்குச் சந்தேகம். அதனால் இந்த முறை மரியாதையை மட்டும் வைத்துக்கொண்டு சுருக்கத்தை விட்டுவிடுகிறேன். தாங்கள் பொறுமையுடன் கடைசி வரை படிக்க வேண்டும்.

2. நான் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவன். நாங்கள் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடி. இதைச் சொல்லிச் சிரிக்காத உறவினர் யாரும் பாக்கியில்லை, எனவே தாங்களும் சிரிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மொத்தம் முப்பத்தெட்டுப் படிகள். இருபத்தாறு வருடம் நானும் என் மனைவியும் அந்தப் படிகளில் ஒருநாளும் வழுக்கியதில்லை. சென்ற டிசம்பரில் கடைத்தெருவில், கழுவிவிட்ட சமதரையில் என் மனைவி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்து மேலே விட்டார்கள். அன்றிலிருந்து பதினொரு மாதமாக அவர் கால் தெருவில் படவில்லை.

3. எங்கள் மகள் வீட்டுக்கு எதிரே தரைத்தளத்தில் ஒரு வீடு இருக்கிறது. அதன் சொந்தக்காரர் ஒரு நர்சம்மா. அங்கே போய்விட்டால் என் மனைவி ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு தானே வாசலுக்கு வரலாம், எதிர்ப்பக்கம் போய்ப் பேத்தியைப் பார்க்கலாம். ஆனால் இந்த வீட்டை விற்றால்தான் அந்த வீட்டை வாங்க முடியும். வேறு வழி எங்களுக்கு இல்லை. விற்பதற்காக நாங்கள் நம்பிய ஆள்தான் எதிர்மனுதாரர்.

4. அவருடைய உரிமத்தின் நகலை இணைத்திருக்கிறேன். அதில் உள்ள பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. சாவிக்கொத்து என்றால்தான் தெரியும். இடுப்பில் எந்நேரமும் பத்துப் பதினைந்து வீட்டுச் சாவிகள் தொங்கும். ஆள் முதல் மாடித் திருப்பத்தில் வரும்போதே சத்தம் எங்கள் கூடத்துக்கு வந்துவிடும். நல்ல தேன் ஒழுகும் பேச்சு. என்னை அண்ணே என்றும் என் மனைவியை அக்கா என்றும்தான் அழைப்பார். மார்ச் 10ஆம் தேதி எங்களிடம் ஒரு வருட ஒப்பந்தம் எழுதி வாங்கினார். அது முடியும்வரை வேறு தரகரிடமும் போகக் கூடாது, நாங்களாகவும் விற்கக் கூடாது என்பது ஒப்பந்தம். வக்கீலிடம் காட்டிவிட்டு இரண்டு நாளில் தருகிறேன் என்று அசல் பத்திரத்தையும் கொண்டுபோனார். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

5. இனி என் தவறைச் சொல்கிறேன். ஒரு லிஃப்டை இன்னொருவர் பொறுப்பில் விடும்போது அதன் குறைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில் வழக்கம். குறையை மறைத்துக் கொடுத்தால் ஓர் ஆளின் உயிரே போய்விடும். அந்தப் பழக்கத்தில், யாரும் கேட்காமலேயே, எங்கள் வீட்டுக்கும் ஒரு குறைப்பட்டியல் எழுதிச் சாவிக்கொத்திடம் கொடுத்தேன். மொத்தம் பதினான்கு. சமையலறைக் குழாயை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திருகினால்தான் நிற்கும். மழை நாளில் குளியலறைக் கதவு உப்பிக்கொள்ளும். கூடத்தில் ஜன்னலோரம் மூன்றாவது தரைக்கல் தட்டினால் பொள்ளென்று கேட்கும். படியின் இரண்டாம் திருப்பத்தில் கைப்பிடி ஆடும். இந்த மாதிரி. அவர் அதைப் படித்துவிட்டு, உங்களை மாதிரி நேர்மையான ஆளை நான் பார்த்ததே இல்லை அண்ணே என்றார். என்னைப் பிடித்த கிறுக்கு, அந்தப் பாராட்டை அன்று மாலையே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

6. மார்ச் முதல் செப்டம்பர் வரை பத்தொன்பது முறை வீடு பார்க்க ஆட்களைக் கூட்டிவந்தார். ஒவ்வொரு வருகையையும் பராமரிப்புப் பதிவேடு எழுதுவதுபோல் நாள், நேரம், எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்று நோட்டில் குறித்திருக்கிறேன் (இணைப்பு 2). சராசரி ஏழு நிமிடம். ஏழு நிமிடத்தில் ஒரு சட்டை வாங்க முடியாது. யார் வந்தாலும் முதலில் கூடத்தைக் காட்டமாட்டார். நேராக என் மனைவி உட்கார்ந்திருக்கும் அறைக்குத்தான் கூட்டிப்போவார். "அக்கா, கீழ எறங்கி எத்தனை மாசமாச்சு?" என்று அக்கறையாகக் கேட்பார். என் மனைவி இருபத்திரண்டு வருடம் தபால் அலுவலகக் கவுன்டரில் உட்கார்ந்தவர், கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொல்லிப் பழகியவர். மூன்று மாதம் என்றும், ஐந்து மாதம் என்றும், எட்டு மாதம் என்றும் சொல்லிக்கொண்டே வந்தார். வந்தவர்கள் அவரைப் பார்ப்பார்கள், படியைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். என் மனைவிக்கோ சாவிக்கொத்தின்மேல் தனிப் பிரியம். மறக்காமல் கேட்கிறானே என்று நெகிழ்ந்துபோவார். சாவிச் சத்தம் கேட்டதும் தலைவாரிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

7. அக்டோபர் 12ஆம் தேதி, பின் தெருவில் குடிவந்திருந்த கணக்கு டீச்சர் ஒருவர், தண்ணீர் மோட்டார் கத்துகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டு அனுப்பினார். மோட்டாரின் விவரங்களை ஒரு தாளில் எழுதித் தயாராக வைத்திருந்தார். தாளின் பின்பக்கத்தில் ஏதோ தெரிகிறதே என்று திருப்பினேன். என் கையெழுத்து. எங்கள் வீட்டுக் குறைப்பட்டியலின் நகல். டீச்சர் ஜூலை 11ஆம் தேதி எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு நிமிடம் இருந்தவர்தான், என் நோட்டில் பன்னிரண்டாவது வரி. அவர் கூச்சப்படாமல் உள்ளதைச் சொன்னார். சாவிக்கொத்து எல்லோரையும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிவருவாராம். படியேற வைத்து, என் மனைவியைக் காட்டி, இறங்கும்போது இந்தத் தாளையும் கையில் கொடுப்பாராம். அந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள் பின் தெருவுக்கு அழைத்துப்போய், தரைத்தளத்தில் வரிசையாக இருக்கும் ஆறு வீடுகளைக் காட்டுவாராம். எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது அரண்மனையாகத் தெரியாமல் என்ன செய்யும்? அந்த ஆறு வீடுகளையும் கட்டியவர் சாவிக்கொத்தின் மைத்துனர். ஐந்து விற்றுப்போய்விட்டன. ஒருநாளும் விலைபோகக் கூடாது என்று நினைத்தே ஏழு மாதம் எங்கள் வீட்டைக் காட்டியிருக்கிறார்.

8. இதையும் நான் பொறுத்திருப்பேன். அந்த நகலில் பதினான்கு குறைகளுக்குக் கீழே பதினைந்தாவதாக ஒரு வரி இருந்தது. அது என் எழுத்து இல்லை. "இந்தப் படியில் ஏறி இறங்கித்தான் வீட்டுக்கார அம்மாவுக்குக் கால் போனது" என்று எழுதியிருந்தது. ஐயா, ஆடுகிற கைப்பிடிக்கும் ஒழுகுகிற குழாய்க்கும் கீழே என் மனைவியை ஒரு குறையாகச் சேர்த்திருக்கிறார். அன்றைக்கு அந்த டீச்சர் வீட்டு மோட்டாரை எப்படிச் சரிசெய்தேன் என்று இப்போதுவரை எனக்கு நினைவில்லை.

9. மறுநாளே சாவிக்கொத்தின் அறைக்குப் போனேன். எழுந்து நின்று நாற்காலி போட்டார், மின்விசிறியைத் திருப்பிவைத்தார். நான் தாளை மேசைமேல் வைத்தேன். "நீங்க எழுதிக் குடுத்ததைத்தானே அண்ணே காட்டினேன்" என்றார். பதினைந்தாவதை நான் எழுதவில்லையே என்றேன். அதற்கு, "அப்ப அது பொய்யா? அக்கா கீழ எறங்குறாங்களா?" என்று கேட்டார். பொய்தான். விழுந்தது சமதரையில், படியில் அல்ல. ஆனால் அவர் இறங்குவதில்லை என்பது மெய். மேசைமேல் வைத்த தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பத்திரத்தைக் கேட்டதற்கு, ஒப்பந்தம் மார்ச் வரை இருக்கிறது, அவசரப்படாதீர்கள் என்று தோளைத் தட்டி வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

10. இதை என் மனைவியிடம் சொல்லாமல் மறைக்க நான்கு நாள் பார்த்தேன். தபால் கவுன்டரில் ஒட்டாத உறையைக்கூடக் கண்டுபிடிக்கிறவரிடம் என் முகத்தை எத்தனை நாள் ஒட்டிவைக்க முடியும்? சொன்னேன். அவர் அழவில்லை. என் நோட்டை வாங்கி வரிகளை எண்ணிவிட்டு, "அப்ப பத்தொம்பது பேரையும் நானேதான் திருப்பி அனுப்பியிருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு சாவிச் சத்தம் எங்கே கேட்டாலும், பக்கத்து வீட்டார் கதவைத் திறந்தால்கூட, அறைக் கதவைச் சாத்தச் சொல்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு இந்த மனுவில் இடம் கிடையாது என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

11. கை சும்மா இருக்காமல் அந்தப் பதினான்கு குறைகளையும் நானே ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். குழாய்க்கு வாஷர் மாற்றி, கதவை இழைத்து, தரைக்கல்லைப் பெயர்த்துப் பதித்து, கைப்பிடிக்குப் புது போல்ட் போட்டு, பட்டியலில் தேதியிட்டு ஒவ்வொன்றாக அடித்தேன். அப்படி அடித்த பட்டியலின் நகலைக் கணக்கு டீச்சரிடம் கொடுத்தேன், அவர் அதைத் தன் தம்பிக்குக் காட்டியிருக்கிறார். அந்தத் தம்பி இந்த மாதம் 8ஆம் தேதி தானாகவே வந்தார். ஐம்பத்திரண்டு நிமிடம் இருந்தார். மூன்றாவது தரைக்கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, குறையை எழுதிக் கொடுக்கிற ஆளிடம் வீடு வாங்கினால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார். இளவயது, படி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. வாங்குவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். நர்சம்மாவும் மாதக் கடைசி வரை தன் வீட்டை எங்களுக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வாங்குகிறவர் தயார், போகிற இடமும் தயார். பத்திரம் மட்டும் சாவிக்கொத்தின் பீரோவில் தூங்குகிறது.

12. தங்கள் அலுவலகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் மனுவைக் கொடுக்க வந்தபோது, முதலில் மட்டமான வீட்டைக் காட்டுவது தரகர்களிடம் வழக்கம்தான் என்று முன்மேசை எழுத்தர் சிரித்துக்கொண்டே விளக்கினார். மட்டமான வீடு என்று அவர் சொன்னது நாங்கள் குடியிருக்கும் வீட்டை. இரண்டாவது மனுவின் மேல், வீடு இருவர் பேரிலும் இருப்பதால் இருவரும் நேரில் வந்து வாக்குமூலம் தர வேண்டும் என்று எழுதித் திருப்பினார்கள். மனைவியால் படி இறங்க முடியவில்லை என்பதுதான் மனுவின் சாரமே என்று சொல்லிப் பார்த்தேன். விதி அப்படி என்றார்கள். நான் வந்த மூன்று தடவையும் தங்கள் லிஃப்ட் நின்றுதான் இருந்தது. கதவோரம் இருக்கும் சென்சாரில் தூசி, வேறொன்றும் இல்லை. கால் மணி நேர வேலை. அனுமதித்தால் விசாரணை நாளுக்குள் நானே செய்துதருகிறேன். பழக்கதோஷத்தில் அதற்கும் ஒரு குறைப்பட்டியல் எழுதி இணைத்திருக்கிறேன்.

13. ஆகவே தங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். சாவிக்கொத்திடமிருந்து அசல் பத்திரத்தை வாங்கித் தர வேண்டும். ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும். அவர் உரிமத்தை என்ன செய்வது என்பது தங்கள் பொறுப்பு, அதில் நான் தலையிடவில்லை. பதினைந்தாவது வரி பொய் என்று அவர் தன் கைப்பட எழுதி, அந்தத் தாளை வாங்கிப்போன பத்தொன்பது வீட்டாருக்கும் சேர்ப்பிக்க வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கை மனைவிக்குத் தெரியாது, நானாகச் சேர்த்தது.

14. விசாரணைக்கு வர என் மனைவி சம்மதித்துவிட்டார். முன்பு தூக்கிவந்த அதே நான்கு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார், அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஒரு தடவைதான் எறங்குவேன். எறங்கிட்டா இந்தப் படியை மறுபடி ஏற மாட்டேன்." முப்பத்து மூன்று வருடத்தில் அவர் சொன்ன சொல்லை மாற்றி நான் பார்த்ததில்லை. எனவே தயவுசெய்து, விசாரணை நாளைக் குறிக்கும்போது, எங்கள் பத்திரம் தங்கள் மேசைக்கு வந்து சேரும் நாளாகப் பார்த்துக் குறிக்க வேண்டுகிறேன். அன்றைக்கு அது மேசைமேல் இல்லை என்றால், கீழே இறங்கிவிட்ட அவரை எந்த வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று எனக்குத் தெரியாது.

இணைப்பு: 1. தரகரின் உரிம நகல், ஒப்பந்த நகல். 2. வருகைப் பதிவு நோட்டு. 3. குறைப்பட்டியல், என்னுடைய பதினான்கும் அவருடைய ஒன்றும். 4. தங்கள் லிஃப்டின் குறைப்பட்டியல், ஒரு பக்கம்.

நாள்: 18.11.2025
இடம்: கதவு எண் 9, இன்னும் இரண்டாம் மாடி

இறங்கக் காத்திருக்கும்,

(கையொப்பம்) கணவர்
(கையொப்பம்) மனைவி, படித்துப் பார்த்து, 13ஆம் பத்தியின் கடைசி வரியையும் படித்துவிட்டு இட்டது