புத்தாண்டு அட்டைக்கு ஒரு பிரிண்டர்

மொரியோக்கா
அக்டோபர் 21

அன்புள்ள மினோரிக்கு,

ஆப்பிள் பெட்டி வந்து சேர்ந்ததா? அடியில் இருப்பதை முதலில் சாப்பிடு, அடிபட்டிருக்கும்.

நம் வீட்டு பிரிண்டர் படுத்துவிட்டது. நீலம் வருவதே இல்லை. போன வருஷப் புத்தாண்டு அட்டையை அடித்துப் பார்த்தேன், நானும் அம்மாவும் குடித்துவிட்டு நிற்பவர்கள் மாதிரி சிவந்திருக்கிறோம். சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தினால் பாதி மையை அதுவே குடித்துவிடுகிறது. உன் அம்மா கையைத் தட்டிவிட்டாள். "மை என்ன குழாய்த் தண்ணியா? விடுங்க!"

அவள் இருதயம் இந்தக் குளிர்காலத்தைத் தாங்குவது கஷ்டம் என்கிறார் டாக்டர். அவளுக்கும் தெரியும். ஒரே ஆசைதான். இந்த வருஷ அட்டையில் நாம் மூன்று பேரும் நிற்க வேண்டுமாம். நீ கல்யாணத்தை முறித்துக்கொண்டபோது அவள் பேசியது தப்பு. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் வந்து போயேன்.

உன் அப்பா,
சாதாவோ


ஃபுகுவோக்கா
அக்டோபர் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆப்பிள் நன்றாக இனித்தது. பழைய பிரிண்டரைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். இப்போது தொட்டி வைத்தது வந்திருக்கிறது. புட்டியிலிருந்து மையை ஊற்றினால் இரண்டு வருஷம் ஓடும். ஒன்று அனுப்புகிறேன். அம்மா இனி மையை மிச்சம் பிடிக்க 'சிக்கனம்' பொத்தானை அழுத்த வேண்டாம். சின்ன வயதில் அட்டையில் வந்த என் முகமெல்லாம் வெளுத்துத்தானே கிடக்கிறது!

கடையில் வருஷக் கடைசி நெருக்கடி. டிசம்பர் முதல் வாரம் வருகிறேன், அட்டை போட அது போதும். அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள். நானே வந்து சொல்கிறேன்.

மினோரி


மொரியோக்கா
நவம்பர் 9

அன்புள்ள மினோரிக்கு,

பெட்டி வந்தது. அம்மா படுத்தபடியே மைப் புட்டிகளை வாங்கிப் பார்த்தாள். "இவ்வளவு மையா! ரெண்டு வருஷத்துக்கு யாரு இருக்கப் போறா? அனுப்புனவ பெட்டியோடவே வந்திருக்கலாம்ல?" என்று சிரித்தாள்.

நேற்றுக் கொஞ்சம் தெம்பாக இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தோட்டத்தில் ஒரு படம் எடுத்தோம். நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அளவு பார்க்கத்தானாம், நீ வந்ததும் மறுபடி எடுக்க வேண்டுமாம். "இந்தத் தடவை சிக்கனம் வேண்டாங்க. நல்லாக் கலரா அடிங்க" என்றாள்.

டிசம்பர் வரை காத்திருக்காதே, மினோரி. கடை எங்கும் ஓடிப்போகாது.

அப்பா


மொரியோக்கா
டிசம்பர் 8

அன்புள்ள மினோரிக்கு,

அம்மாவின் தகனம் முடிந்து நீ ரயிலேறியபின் வீட்டில் இருக்கவே முடியவில்லை. வேலையாவது செய்யலாம் என்று உன் பிரிண்டரைத் திறந்தேன். சாவு விழுந்த வீடு, இந்த வருஷம் வாழ்த்து அனுப்ப மாட்டோம் என்று எல்லோருக்கும் அட்டை அடித்துப் போட்டுவிட்டேன். கறுப்பு மட்டும்தான். நல்ல இயந்திரம், ஒரு கோடுகூட விழவில்லை. மை குறைந்ததே தெரியவில்லை. அவள் பார்த்திருந்தால் உன்னை மெச்சியிருப்பாள்.

"கோபம் இல்லைன்னு அம்மாகிட்ட சொல்லவே இல்லியேப்பா" என்று ரயிலடியில் அழுதாய். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நீ சொல்லாதே என்று எழுதியதை நான் கேட்கவில்லையம்மா. கடிதம் வந்த அன்றே அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். "சரி, அவ வாயாலயே கேட்டுக்கறேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் அந்தப் படத்தை எடுக்கச் சொன்னாள்.

கலர் மை நீ அனுப்பியபடியே இருக்கிறது. மாசம் ஒரு தரமாவது கலரில் அடிக்காவிட்டால் காய்ந்து அடைத்துக்கொள்ளுமாம். அதனால் தோட்டத்துப் படத்தை அடித்தேன், அவள் சொன்ன மாதிரியே, சிக்கனம் பார்க்காமல். அவள் முகம் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. நடுவில் தோட்டம்தான் தெரிகிறது.

அடுத்த மாசம் அடிக்க வீட்டில் வேறு படம் இல்லை. வா.

அப்பா