பெண் பார்க்க வந்த அன்று அப்பா பொரித்த ஆப்பிள்

அப்பா,

உங்கள் மாப்பிள்ளை இன்று சிங்கப்பூரில் வேலை முடிந்து பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாருவுக்கு வரும்போது ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கிவந்தார். ஒவ்வொன்றையும் மெல்லிய ஊதாக் காகிதத்தில் சுற்றியிருந்தார்கள். பிரித்ததும் வீடு முழுக்க வாசனை. பிள்ளைகள் அப்படியே கடித்துத் தின்னப் பறந்தார்கள். நான் மட்டும் ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றுவிட்டேன். கோத்தா திங்கியில் நம் வீட்டு முன்கூடமும், அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களும், நீங்களும் கண்முன்னே வந்துவிட்டீர்கள். நீங்கள் போன பிறகு உங்களிடம் பேச எனக்கு இதை விட்டால் வேறு வழி தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மராமத்து இலாகாவில் ரோட்டு வேலைக் கூட்டத்தை மேய்க்கும் மண்டோர் நீங்கள். காலையில் வேலைக்கு இறங்கினால் உங்கள் குரல் அடுத்த வளைவு வரைக்கும் கேட்கும். இஞ்சினியர் துரையிடம்கூட நிமிர்ந்துதான் பேசுவீர்கள். அதே மனிதர் மாலையில் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அம்மியின் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். அம்மா காய்ச்சலில் போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி ஆளாளுக்கு நச்சரித்தார்களாம். நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீய்த்தும், அடிப்பிடிக்க விட்டும், உப்பை அள்ளிக் கொட்டியும் நீங்களாகவே சமைக்கக் கற்றுக்கொண்டீர்கள்.

"ரோட்டுல மண்டோரு, வீட்டுல ஆயா" என்று குடியிருப்பில் உங்களைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. நான் அழுதுகொண்டு வந்து சொன்னால் சிரிப்பீர்கள். "சிரிச்சவன் எல்லாம் நம்ம வீட்டு மீன் குழம்பை ருசி பார்த்தவன்தாம்மா. வயித்தெரிச்சல் பேசுது." அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த நாள் குழம்பு வைத்தால் அவர்களுக்கும் ஒரு கிண்ணம் அனுப்புவீர்கள்.

ஆனால் என்னை அடுப்பண்டை விடமாட்டீர்கள். "உங்கம்மா இந்தப் புகையிலேயே கிடந்து கண்ணைக் கெடுத்துக்கிட்டா. நீ போய்ப் படி." நான் பேப்பரைச் சத்தமாக வாசிப்பேன், நீங்கள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பீர்கள். சீனாவில் சண்டை என்று நான் வாசித்தால் கத்தி அப்படியே நிற்கும், அரிசி விலை ஏறியது என்று வாசித்தால் கத்தி வேகமாக ஓடும். இப்படியே வளர்ந்து, கல்யாண வயது வந்தபோது எனக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாது. வாய் மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது.

அதுதான் வினையாகப் போயிற்று. பெண் கேட்டு ஒரு வீட்டார் வந்தார்கள், பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது, தகப்பன்தான் கரண்டி பிடிக்கிறான் என்று கேள்விப்பட்டதும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காதான் ஜொகூர் பாருவிலிருந்து இந்த இடத்தைக் கொண்டுவந்தார். முதல் நாளே உங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

"மண்டோரண்ணே, நல்லாக் கேட்டுக்குங்க. சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் விடியறதுக்குள்ள செஞ்சு மூடி வெச்சிருங்க. அவங்க வந்த பொறகு நீங்க அடுப்படிப் பக்கமே திரும்பக் கூடாது. எல்லாம் பொண்ணு செஞ்சது. வாயைத் தொறந்தீங்க, இந்த இடமும் போச்சு!"

எல்லா வீட்டிலும் சொல்கிற பொய்தான் அது. அம்மாக்காரி சுட்ட பஜ்ஜியைப் பெண் சுட்டதாகச் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். ஆனால் நீங்கள் "சரி தாயி" என்று சொல்லித் தலையைக் குனிந்தீர்கள் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தத் துரைக்கும் குனியாத தலை, எனக்கு ஒரு மாப்பிள்ளை வேண்டும் என்பதற்காக, நீங்கள் சமைத்ததையே நீங்கள் சமைக்கவில்லை என்று சொல்லக் குனிந்தது.

மழைக்காலம். ரோடு முழுக்கப் பள்ளம். மோட்டார் பஸ்ஸில் குலுங்கி வந்து இறங்கிய மாப்பிள்ளையின் தாய்மாமன் வாசலிலேயே ஆரம்பித்தார். "எந்தப் பாவி போட்ட ரோடுய்யா இது? குடலு வாய்க்கு வந்துருச்சு!"

"அந்தப் பாவி நான்தானுங்க. உள்ள வாங்க" என்றீர்கள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நன்றாகத்தான் தொடங்கியது. வாழைக்காய் பஜ்ஜியை எடுத்துக் கடித்த மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்குக் கைப்பக்குவம் நல்லாயிருக்கே" என்றார். "பின்னே? எல்லாம் அவ செஞ்சதுதான்" என்று செல்லம்மா அக்கா முந்திக்கொண்டார். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். இஸ்திரி போட்ட கோட்டில் யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் முழங்கையில் கடலைமாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

அப்புறம்தான் அந்த அம்மா தாம்பூலத் தட்டில் பழம் வைக்கக் கூடையைப் பிரித்தார். மாப்பிள்ளை தன் சம்பளத்தில் சிங்கப்பூரில் வாங்கிய ஆப்பிள். நாம் துரை பங்களாவில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். எவ்வளவு ஆசையாக, பெருமையாக அந்த அம்மா துணியை விலக்கினார் தெரியுமா? பஸ் குலுக்கலில் ஒன்றோடொன்று மோதி, கூடையில் இருந்த அத்தனை பழமும் கன்றிப்போயிருந்தது. சிலது வெடித்தே இருந்தது. தட்டில் வைக்க ஒரு நல்ல பழம் தேறவில்லை. அந்த அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

"சகுனமே சரியில்லை. எழுந்திரிங்க. இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார் தாய்மாமன்.

அந்த இன்னொரு நாள் எப்போதும் வராது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நீங்கள்தான் எழுந்தீர்கள். உங்களுக்கு அப்போது என் கல்யாணம்கூட நினைவில் இல்லை என்று நினைக்கிறேன். கண்ணில் நீர் முட்ட நின்ற அந்த அம்மாவைத்தான் பார்த்தீர்கள்.

"பழம் சாப்பிடத்தானே தங்கச்சி? தட்டுல வெச்சா என்ன, எண்ணெயில போட்டா என்ன? இப்பவே பொரிச்சிரலாம்" என்று கூடையைத் தூக்கிவிட்டீர்கள். இரண்டடி வைத்த பிறகு செல்லம்மா அக்காவின் முழி உங்களுக்குப் பாடத்தை நினைவுபடுத்தியது. அப்படியே நின்று, கூடையை என் பக்கம் நீட்டினீர்கள். "நீ... நீ பொரிச்சு எடுத்துட்டு வாம்மா" என்றீர்கள். உங்கள் குரல் இறங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். செல்லம்மா அக்கா பின்னாலேயே வந்து எப்படியாவது சமாளித்திருப்பார். என்னால் முடியவில்லை அப்பா. கூடையை வாங்கவே இல்லை.

"எனக்கு அடுப்புப் பத்தவைக்கக்கூடத் தெரியாதுங்க" என்று அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "இவ்வளவு நேரம் நீங்க சாப்பிட்டது எல்லாம் எங்கப்பா செஞ்சது. எங்கம்மா போனதிலேருந்து எங்க வீட்டுல அவர் சமையல்தான். இந்தக் குடியிருப்புல அவரை மாதிரி சமைக்க ஆள் கிடையாது."

"அலமாக்!" என்று செல்லம்மா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மா உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஆம்பளை செஞ்சதா இதெல்லாம்?"

நீங்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள். பிறகு தலை நிமிர்ந்தது. "ஆமாங்க. பஜ்ஜி நான் போட்டது, சொஜ்ஜி நான் கிண்டினது. இதையும் நான்தான் பொரிக்கப் போறேன். சாப்பிட்டுட்டு, போறதாயிருந்தா அப்புறமாப் போங்க." அது ரோட்டில் கேட்கும் குரல். கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனீர்கள்.

நீங்களும் வாழ்நாளில் ஆப்பிளைத் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். பயந்துகொண்டே பின்னால் வந்தேன். கன்றிய இடத்தைச் செதுக்கி எறிந்தீர்கள். விதைப் பக்கத்தை நோண்டி எடுத்து, விரல் கனத்துக்கு வட்ட வட்டமாக அரிந்தீர்கள். அரிய அரியப் பழுப்பேறியது. வாழைக்காய்க்குச் செய்கிற மாதிரியே உப்புத் தண்ணீரில் போட்டீர்கள். அரிசி மாவோடு கொஞ்சம் கோதுமை மாவு. ஆற்றுத் துறையில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்து பீசாங் கோரேங் பொரித்து விற்கும் மலாய்க்கார அம்மாவிடம் பார்த்துவைத்த வித்தை ஒன்று உங்களிடம் இருந்தது. வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைக் கிள்ளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து மாவைக் கரைத்தீர்கள். அது இருந்தால்தான் மொறுமொறுப்பு நிற்கும் என்பீர்கள். தேங்காய் எண்ணெய் காய்ந்து வாசனை வந்தது.

முதல் ஈடு சொதப்பிவிட்டது. எண்ணெய் படபடவென்று வெடித்தது, மாவு கழன்று தனியாக மிதந்தது, பழம் ஈரத்துணி மாதிரி தொங்கியது. "நாசமாப் போச்சு" என்று முணுமுணுத்தீர்கள். திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளையின் அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"பழமே தண்ணி விடுது. அதைப் போயித் தண்ணியில ஊறவெச்சா எப்படிங்க மாவு பிடிக்கும்?" என்றார்.

"வாழைக்கா நெனப்புலே போட்டுட்டேன் தங்கச்சி."

அந்த அம்மா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "ஒரு துணி குடு பொண்ணு." ஒவ்வொரு வில்லையாக எடுத்து ஒற்றித் துடைத்தார். நீங்கள் அதை உலர்ந்த அரிசி மாவில் புரட்டி, பிறகு கரைத்த மாவில் தோய்த்துப் போட்டீர்கள். பொன்னிறமாகப் புரண்டு மேலே வந்தது. கண்கரண்டியில் அரித்து எடுத்து, இன்னொரு தரம் எண்ணெயில் காட்டி எடுத்தீர்கள். தட்டில் கொட்டும்போதே கலகலவென்று சத்தம் கேட்டது. மேலே சீனியும் ஏலக்காய்ப் பொடியும் தூவினீர்கள்.

கடித்தால் வெளியே நொறுங்குகிறது, உள்ளே புளிப்பும் இனிப்புமாகக் குழைகிறது. அப்படி ஒன்றை நான் அதுவரை தின்றதில்லை. எழுந்து போகலாம் என்ற தாய்மாமன்தான் ஆக அதிகமாகத் தின்றார். அன்று முழுக்க வாயே திறக்காத மாப்பிள்ளை, "இன்னும் இருக்குங்களா?" என்று கேட்டார். அதுதான் உங்கள் மாப்பிள்ளை உங்களிடம் பேசிய முதல் பேச்சு.

கிளம்பும்போது அந்த அம்மா என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "சமையல் நான் சொல்லித் தந்துருவேன். இவ்வளவு பேரு நடுவுல அப்பனை விட்டுக்குடுக்காம நின்னே பாரு, அதை யாரு சொல்லித் தர முடியும்?" என்றார். உங்களிடம் திரும்பி, "அந்த மாவுல என்னமோ கலந்தீங்களே, என்ன அண்ணே அது?" என்று கேட்டார். சம்பந்தம் பேசி முடித்ததே சுண்ணாம்புத் தண்ணீரில்தான் என்று செல்லம்மா அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவர்கள் போன பிறகு நீங்கள் சட்டி கழுவிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் கேட்டீர்கள். "ஏம்மா அப்படிச் சொன்னே? கல்யாணம் நின்னு போயிருந்தா?"

"நின்னா நிக்கட்டும்" என்றேன். உங்கள் சமையலை மறைத்துக் கிடைக்கிற மாப்பிள்ளை எனக்கு எதற்கு? நீங்கள் கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினீர்கள். உங்களை அப்பாவாகப் பெற்றதற்கு நான் அன்று பட்ட பெருமையைப் பிறகு என் பிள்ளைகளைப் பெற்றபோதும் பட்டதில்லை.

அதற்கப்புறம் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக அடுப்படிக்குத்தான் போவீர்கள். என் மாமியார் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் என்று எண்ணெயின் சூட்டுக்காக நீங்கள் போடும் சண்டையைக் கேட்டுத் தெருவில் போகிறவர்கள் நிற்பார்கள். "எங்க சம்பந்தி வந்திருக்கார், இன்னைக்கு அவர் சமையல்" என்று மாமியாரே கூப்பிட்டுச் சொல்வார். எனக்கும் அவர் சமையல் சொல்லித் தந்தார். நன்றாகவே செய்கிறேன். உங்கள் அளவுக்கு இல்லை.

போன வருஷம் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, டிரஸர் பக்கத்தில் வந்து நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டே, "பெரியவருக்கு என்ன வேலைம்மா?" என்று கேட்டார். "மராமத்து இலாகாவுல மண்டோரா இருந்தாருங்க" என்றேன். கண்ணை மூடிக் கிடந்த நீங்கள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தீர்கள். என்னவோ என்று குனிந்தேன்.

"நல்லாச் சமைப்பாருன்னும் சொல்லும்மா."

சொன்னேன். இப்போதும் உங்களைப் பற்றி யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன், அப்பா. ரோடு போட்டதை அப்புறம் சொல்கிறேன்.