படி வழுக்கும், பார்த்து வரவும்

இத்தலார்
ஏப்ரல் 6, 2025

அன்புள்ள ரெபா அப்பாவுக்கு,

எல்லோரும் நலம், ரெபாவுக்கு மூக்கு மட்டும் ஒழுகுகிறது. போனில் பேசலாமென்றால் அவள் பிடுங்கிக்கொள்கிறாள், ஸ்பீக்கரில் அத்தை கேட்கிறார்கள். அதனால்தான் மெயில்.

வெப் டிசைன் வீடியோவில் அந்த அண்ணன் "ரொம்ப ஈஸிங்க" என்று சொல்கிற இடத்தில்தான் நான் தொலைந்துபோகிறேன். பின்னால் இழுத்துப் பார்ப்பதற்குள் ரெபா யானைப் பாட்டு கேட்டு அழுகிறாள். வாரம் ஒருநாள் போகிற ஊட்டி கிளாஸில் அப்படியில்லை. நான் முழிப்பதைப் பார்த்தே ஷைனா மிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

பயிற்சிக்கு நம் மாடி ஹோம்ஸ்டேவுக்கே சைட் செய்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். வெயிலில் தொப்பி போடுகிறீர்களா?

உங்கள்
ஸ்டெபி

*

ஷார்ஜா
ஏப்ரல் 9

அன்பு ஸ்டெபிக்கு,

பார்த்தேன். ரூமில் எல்லோரும் பார்த்தார்கள். பிராங்ளின் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

மற்றவர்கள் சைட்டைத் திறந்தால் மலை, பனி, சொர்க்கம் என்று வரும். நம்முடையதில் முதல் வரியே "மழையில் படி வழுக்கும்". அடுத்து, "கேட்டருகே காட்டெருமை நிற்கும், செல்ஃபி வேண்டாம்". அப்புறம், "இரண்டாம் அறைக் கட்டிலிலிருந்து குழந்தை ஜன்னலுக்கு ஏறிவிடும்". தாயே, நீ ஆள் கூப்பிடுகிறாயா, விரட்டுகிறாயா?

ரெபா உன்னை விட்டு அம்மாவிடம் இருக்கமாட்டாள். அழுது காய்ச்சல் வந்தால்? வீடியோ போதும். சரி, ஒரு பந்தயம்: மே முடிவதற்குள் இதைப் படித்துவிட்டு ஒரு குடும்பமாவது வந்தால் கிளாஸ் தொடரட்டும். வராவிட்டால் நிறுத்திவிடு.

சுபின்

*

இத்தலார்
மே 18

ரெபா அப்பாவுக்கு,

வந்துவிட்டார்கள்!

ஈரோட்டிலிருந்து ராஜப்ரியா, கணவர், இரட்டைக் குழந்தைகள். "ஏனுங்க, எல்லா ஊட்லயும் வியூ நல்லாருக்குன்னுதான் போட்டிருக்காங்க. கொழந்த எங்க விழும்னு நீங்க ஒருத்தர்தானுங்க போட்டிருக்கீங்க" என்றார். இருவருமாகப் பிளக் பாயிண்ட் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தோம். எனக்கு அக்கா ஒருத்தி கிடைத்த மாதிரி இருந்தது.

"அம்மணி, இது வெளம்பரமா, ஆஸ்பத்திரி போர்டா?" என்று கேட்ட அத்தையே இப்போது, "நம்ம நாய் மூஞ்சிய நக்கும்னு போடலியே?" என்கிறார்கள். போட்டுவிட்டேன்.

பந்தயத்தில் ஜெயித்து என்ன? சைட்டைப் பார்த்து அடுத்தடுத்து ஆள் வருவதால் அத்தைக்குச் சமையலறையே கதி. ஜூன் கிளாஸை முடித்தால்தான் மிஸ் தன்னோடு வேலைக்குச் சேர்த்துக்கொள்வார். அது முழுநாள் கிளாஸ்; ரெபாவை யாரிடம் விட? வரவில்லையென்று மிஸ்ஸிடம் சொல்லப்போகிறேன். உங்கள்மேல் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

ஸ்டெபி

*

எங்கள் ஹோம்ஸ்டே: முன்பதிவுப் படிவம்
மே 20

பெயர்: சுபின்

பெரியவர்கள்: ஒருவர்

தங்கும் நாட்கள்: ஜூன் முழுவதும். ஆகஸ்ட் லீவை மாற்றிவிட்டேன்.

அறை: உன்னுடையது

வருகையின் நோக்கம்: நீ கிளாஸிலிருந்து வரும்வரை ரெபாவைப் பார்த்துக்கொள்வது. மிஸ்ஸிடம் ஒன்றும் சொல்லாதே.

எச்சரிக்கைகளைப் படித்தீர்களா?: படித்தேன். குழந்தை அப்பாவை அடையாளம் தெரியாமல் அழக்கூடும் என்பதை மட்டும் காணோம். சேர்த்துவிடு. பார்த்து வருகிறேன்.