மேஸ்திரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்

அன்பு மகனுக்கு அப்பாவின் ஆசிகள்.

சொல்வது நான், எழுதுவது மாடி வீட்டுத் தையல்காரம்மா. போனில் நீ என்னை முழுசாகப் பேச விடுவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் இது.

நான் சுகம். முட்டி வலி பழைய சங்கதி. மருமகளுக்கு இருமல் நின்றதா?

நீ அனுப்பிய மேஸ்திரி திங்கட்கிழமை ஒரு வண்டி ஜல்லியோடு வந்தார். நான் பின்பக்கத் தோட்டத்தில், பாத்தி நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். "பெரியவரே, முழுக்க சிமெண்ட் போட்டுடச் சொல்லி உங்க மகன்தான் சொன்னாரு" என்றார். "அப்படின்னா அவன் தலையிலேயே போடுங்க" என்றேன். கூட வந்த ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மத்தியானம் வரை பார்த்துவிட்டு, அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிப் போனார். வரட்டும். நாற்காலி அங்கேயேதான் கிடக்கிறது.

மண் செத்துப்போச்சு என்றாய். செடிகள் செத்தது நிஜம். தக்காளி இலையெல்லாம் சுருண்டு, பெரணிச் செடியின் குருத்து மாதிரி ஆகிவிட்டது. அவரை முளைத்து, இலை கிண்ணம் போலக் குவிந்து நின்றுபோனது. ஆனால் குற்றம் மண்ணுடையது இல்லை, என்னுடையது. சும்மா கிடைக்கிறதென்று விளையாட்டு மைதானத்தில் வெட்டிப் போட்ட புல்லை எட்டு மூட்டை கொண்டுவந்து, மண் காயாமலிருக்கப் பாத்தியில் மூடாக்காகப் பரப்பினேன். பிறகுதான் அந்த மைதானத்துக் காவல்காரரைக் கேட்டேன். "புல்லுக்கு நடுவுல அகல இலைக் களை வராம மருந்து அடிச்சோம். புல்லுக்கு ஒண்ணும் ஆகலையே தாத்தா" என்றார். புல்லுக்கு ஆகவில்லை, என் அவரைக்கு ஆகிவிட்டது. முன்னாடியே கேட்காதது என் புத்தி.

புல்லை முழுக்க வாரி அப்புறப்படுத்தினேன். மாதாமாதம் பாத்தி மண்ணை இரண்டு டப்பாவிலும், மாமரத்தடி நல்ல மண்ணை இரண்டு டப்பாவிலும் போட்டு அவரை ஊன்றிப் பார்த்தேன். ஐந்து மாதம் பாத்தி மண்ணில் இலை குவிந்தே வந்தது. ஆறாவது மாதம் நாலு டப்பாவிலும் இலை விரிந்தது. எது எந்த மண் என்று தையல்காரம்மாவுக்கே தெரியவில்லை. இப்போது பாத்தியிலும் ஊன்றிவிட்டேன், கொடி என் இடுப்பு உயரம்.

எழுத்து எனக்குத் தெரியாது, ஆனால் எதையும் மறந்தவனில்லை. நாம் குடிவந்தபோது அந்த இடம் பூராவும் செங்கல் சில்லு. ஒரு கோடை முழுக்கக் கூடை கூடையாக வாரினேன். மூன்றாம் வகுப்பு படித்த நீ கூடைக்குள் ஏறி உட்கார்ந்து, "என்னையும் தூக்கிக் கொட்டுங்கப்பா" என்றாய். கொட்டினேன். மண்ணில் உருண்டு சிரித்தாய். அந்த மண்மேல்தான் ஜல்லி கொட்டச் சொல்கிறாய்.

நான் அங்கே வழுக்கி விழுவேன் என்று உனக்குப் பயம். விழுந்தது உண்மைதான், ஆனால் நீ போட்டுக் கொடுத்த குளியலறை டைல்ஸில். மண்ணில் இதுவரை விழுந்ததில்லை.

இதற்குப் பிறகும் சிமெண்ட்தான் என்றால் மேஸ்திரியை அனுப்பாதே. நீயே வா. அவரைக்கொடியை உன் கையாலேயே பிடுங்கு, நான் தடுக்கமாட்டேன். ஒரே நாளில் முடிகிற வேலை என்று நினைக்காதே. பத்து நாள் விடுப்பு போட்டுக்கொண்டு வா.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்கும் அப்பா.