தீயிடம் எதுவும் கேட்கக்கூடாது

ஹான்ஸ்ட்ஹோம்,
டிசம்பர் 5, 2018

அன்புள்ள அக்கா,

என் கிரெஸ்டன் போன மீன்பிடிப் படகு காணாமல் போய் ஆறு நாள். தேடிக்கொண்டிருந்த ஹெலிகாப்டரும் நேற்றோடு நின்றுவிட்டது. தேவாலயத்தில் முழங்கால் தேய ஜெபிக்கிறேன். நீ கடவுள் இல்லை என்பவள். ஆனாலும் வருஷம் தவறாமல் இயற்கையைக் கும்பிடும் உன் கூட்டத்தோடு போய்க் கடலில் பீர் ஊற்றி வணங்குகிறாயே! அந்தக் கடலிடம் என் புருஷனுக்காக ஒரு வார்த்தை கேளேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன். எழுது.

உன் தோர்தே

மோல்ஸ்,
டிசம்பர் 9

என் தங்கமே,

உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. கடலுக்குக் காது கிடையாது. நாங்கள் கேட்டு வாங்குவதற்காக வணங்குவதில்லை. இத்தனை பெரிய ஒன்றின் முன்னால் உயிரோடு நிற்கிறோமே என்ற வியப்பு, அவ்வளவுதான். இந்தக் குளிர்த் தண்ணீரில் யாரும் ஒரு மணி நேரம்கூடத் தாங்க மாட்டார்கள், தோர்தே. நான் புறப்பட்டு வரட்டுமா?

மெரெட்டே

மோல்ஸ்,
டிசம்பர் 22

தோர்தே,

பதிலே இல்லை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். அந்தத் தண்ணீர்க் கணக்கை எழுதிய கையை ஒடித்துப் போடலாம் போலிருக்கிறது.

நேற்று ஆண்டின் மிகக் குறுகிய பகல். விடியுமுன் குன்றின் மேல் தீ மூட்டினோம். ஆளுக்கொரு சுள்ளியைப் போட்டு, உண்மை என்று அறிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தீயிடம் எதையும் கேட்கக்கூடாது. அதுதான் எங்கள் வழக்கம். நானோ, "கிரெஸ்டனைத் திருப்பிக் குடுத்துடு!" என்று கத்திவிட்டேன்.

"யாருகிட்டம்மா கேக்கறே?" என்றார் எங்கள் கூட்டத்து வில்லாட்ஸ் கிழவர்.

"தெரியலையே" என்று ஓவென்று அழுதேன்.

அப்போது சூரியன் வந்தது. புல்லில் உறைந்திருந்த பனி முழுக்கச் சிவந்துபோயிற்று. யாருக்காகவும் வரவில்லை, ஆனாலும் வந்தது. அவ்வளவு அழகு. உன்னை நினைத்ததும் அதைப் பார்க்கவே எனக்குக் கூசியது. திட்டியாவது ஒரு வரி எழுது.

மெரெட்டே

ஹான்ஸ்ட்ஹோம்,
ஜனவரி 4, 2019

அக்கா,

புத்தாண்டன்று கிரெஸ்டன் கரை ஒதுங்கினான். பல்லை வைத்துத்தான் நேற்று அடையாளம் கண்டார்கள்.

வீடு நிறைய ஆட்கள். பாதிரியார், "கடவுள் கூப்பிட்டுக்கிட்டாரும்மா" என்கிறார். பக்கத்து வீட்டு எல்லென், "எல்லாம் நல்லதுக்குத்தான்டி" என்கிறாள். கையிலிருந்த காபியை அவள் முகத்தில் ஊற்றப் போனேன்.

உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் இதற்கெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது என்று சொல்லாதவள் நீ ஒருத்திதான்.

புதன்கிழமை அடக்கம். செவ்வாயே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

தோர்தே