எண்ணெய் என்று எழுதிய சிவப்பு விளக்கு

இயேசு மரி சூசை துணை

டோர்ட்மண்ட்
22.8.1996

மகன் றெக்சுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே எல்லோரும் நலம், அங்கே நீயும் நலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன் என்று தொடங்குவதுதான் முறை. மன்றாடுவதில் நான் குறை வைக்கவில்லை. ஆனால் இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் எழுதாமல் விடுகிறேன். உன் தங்கச்சி நடாலி நலம். அவளுக்குப் பல் வைத்தியரிடம் அவுஸ்பில்டுங், அதுதான் வேலைப் பயிற்சி, கிடைத்துவிட்டது, முதலாம் திகதி தொடங்குகிறாள், இரண்டு வெள்ளைச் சட்டை வாங்கியாயிற்று. உன் அப்பாவும் நலம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், என்னோடு பேசுவது மட்டும் இல்லை. வாகனம் செல்வராசாவின் கராஜில் எஞ்சினைக் கழற்றி வைத்தபடி நிற்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை.

போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ சிரித்தாய், கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை உன் சிரிப்பு எனக்குக் கேட்காது. அன்று நடாலி உனக்கு விஷயத்தைச் சொல்லி, நீ போன் எடுத்து, என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, நான் பூட்டின முள்ளு எத்தனையில நிண்டது அம்மா, நூற்றி முப்பதைத் தாண்டினதோ என்றாய். முள்ளு எங்கே நின்றது என்று கேட்டவனுக்கு அம்மா எங்கே நின்றாள் என்று கேட்கத் தோன்றவில்லை. அம்மா பெருந்தெருவின் ஓரத்தில், இரும்பு வேலிக்கு அப்பால், புல்லுக்குள் நின்றாள். ஐந்து பெண்களும் இரண்டு சோற்றுப் பானையும் கூட நின்றன. பிறகு நான் பெற்றோல் அடித்த கதையைச் சொன்னதும் சிரித்தாயே ஒரு சிரிப்பு, எண்ணெய் எண்டா எண்ணெய்தானே, நான் சரியாத்தான் எழுதினனான், அகராதியைப் பாருங்கோ என்றாயே, அந்த இடத்தில்தான் றிசீவரை வைத்தேன். லைன் அறுந்தது என்று நினைத்திருந்தால் இப்போது தெரிந்துகொள், அறுத்தது நான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாக வாசி. அந்த வான் வாகனம் உன்னைவிட மூன்று வயது மூத்தது. பின்னுக்கு எஞ்சின், தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே ஆறுகிற சாதி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைத்து மினுக்குவது உன் அப்பா, மற்ற நாட்களில் ஓட்டுவது நான். வயோதிபர் மடத்துச் சமையலறைக்கு விடியற்காலை போவதும், கோயில் விசேஷங்களுக்குப் பானை ஏற்றிப் போவதும் நான்தான். அதில் பெற்றோல் முள்ளு செத்து மூன்று வருஷம். ஒருமுறை ஊனாவுக்குப் பக்கத்தில் பனிக்குள் பெற்றோல் முடிந்து, சேலையோடு அரை மணித்தியாலம் நடந்து போன் பெட்டி தேடினேன். அன்றிலிருந்து உன்னிடம் கேட்கிறேன், தம்பி, நீ பெரிய படிப்புப் படிக்கிறாய், பெற்றோல் முடியப்போகுது எண்டு சொல்லுற மாதிரி ஒரு விளக்குப் போட்டுத் தா ராசா என்று. போன நத்தார்ப் பண்டிகைக்கும் கேட்டேன். ஓம் ஓம் என்றாய். எத்தனை ஓம்.

பெந்தக்கோஸ்து லீவுக்கு நீ படிக்கிற கார்ஹிங்கிலிருந்து வந்தாய். பெட்டி நிறைய வயரும் சாமானும் கொண்டுவந்தாய். இரண்டு நாள் வாகனத்துக்கு அடியில் கிடந்தாய். பின்னாலிருந்து முன்னுக்கு வயர் இழுத்து, சாம்பல் தட்டுக்குப் பக்கத்தில் துளை போட்டு, வட்டமாக ஒரு முள்ளு, அதற்குக் கீழே சிவப்பு விளக்கு, உள்ளே கீக்கென்று கத்துகிற ஒரு சாமான். எல்லாம் செய்து முடித்து அரை மணித்தியாலம் விளக்கமும் கொடுத்தாய். யாருக்கு. உன் அப்பாவுக்கு. பாதி ஜெர்மனில் நீ சொல்ல, அவர் எல்லாம் விளங்கியது போலத் தலையாட்டினார். நான் உள்ளே உனக்குக் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தேன். ஓட்டுகிறவளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பின்னேரம் நானாகக் கேட்டதற்கு உன் அப்பா சொன்னது ஒரு வரி, தம்பி விளக்குப் போட்டிருக்கிறான், எரிஞ்சால் கவனம் என்று.

நான் போய்ப் பார்த்தேன். நம்பர் போட்ட முள்ளு எனக்கு விளங்கவில்லை, அது உங்கள் விளையாட்டுச் சாமான் என்று விட்டுவிட்டேன். விளக்குக்குக் கீழே வெள்ளைத் துண்டு ஒட்டி, கறுப்பு மையில் உன் கையெழுத்து, எண்ணெய். சின்னனில் நீ எண்ணெய் என்று எழுதச் சொன்னால் என்னை என்று எழுதுவாய், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஐம்பது தரம் எழுத வைப்பேன், அழுது அழுது எழுதுவாய். இந்தமுறை சுழி எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்குள் ஜெர்மன் கூடாது என்று நான் பிடித்த பிடிக்குப் பலன் கிடைத்தது என்று நினைத்தேன். இதையும் எழுதிவிடுகிறேன், நீ அதை எனக்காகத்தான் தமிழில் எழுதினாய் என்று தெரியும். தெரிந்தும் கோபம் ஆறவில்லை.

ஏனென்றால் மகனே, இந்த வீட்டில் எண்ணெய் அடிப்பது என்றால் பெற்றோல் அடிப்பது. மன்னாரில் எண்ணெய் அடிக்கப் போறன் என்று லொறிக்காரன் சொன்னால் அவன் நல்லெண்ணெய் வாங்கப் போகவில்லை. எஞ்சினுக்கு ஊற்றுகிற கறுப்புச் சாமானுக்குப் பெயர் ஒயில். உன் அப்பாவோ செல்வராசாவோ நானோ ஒருநாளாவது அதை எண்ணெய் என்று சொல்லக் கேட்டிருக்கிறாயா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உன் அகராதிக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

கெவலார் மாதா திருவிழாவுக்குப் போன அன்று கொளுத்துகிற வெயில். உன் அப்பாவுக்கு வேலை, நான்தான் ஓட்டினேன். பிளோறன்ஸ் அக்கா முன்னுக்கு, சிசிலியும் மற்ற மூன்று பேரும் பின்னுக்கு. டுயிஸ்பேர்க் தாண்டியதும் விளக்கு எரிந்தது, கீக்கென்று கத்தியது. நான் கெட்டித்தனமாக அடுத்த பெற்றோல் செட்டுக்குள் விட்டு எண்ணெய் அடித்தேன். எல்லோரும் முகம் கழுவி வந்து ஏற, விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. எஞ்சின் ஆறினதால்தான் நின்றது என்று எனக்கு எப்படித் தெரியும். இருபது நிமிடத்தில் திரும்பவும் கத்தியது. இப்பதானே அடிச்சனான், இவன் பூட்டினது பிழைச்சுப்போச்சு என்றேன். சிசிலி, சத்தம் கேட்காமல் பலத்துச் செபமாலை சொல்லுவம் என்றாள். சந்தோஷத் தேவ இரகசியம் மூன்றாவதில் பின்னுக்கு ஒரு சத்தம், பிறகு புகை. மாதாவைக் குறை சொல்லக் கூடாது, உயிரோடு ஓரங்கட்ட வைத்தது அவதான்.

வாகனத்தை இழுத்துவந்து பார்த்த செல்வராசா, விளக்கு எரிஞ்ச உடனை நிப்பாட்டி அரை மணித்தியாலம் ஆற விட்டிருந்தா ஒண்டும் நடந்திராது அக்கா, இது ஒயில் சூட்டுக்குப் போட்ட விளக்கு என்றார். பிறகு அந்தத் துண்டை வாசித்துவிட்டு, கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு தமிழ்க்கடையில் நான் நல்லெண்ணெய்ப் போத்தல் கேட்டாலும் சிரிப்பு. கோயிலில் எண்ணெய் அக்கா என்று பெயர்.

அதெல்லாம் போகட்டும். உன் கொப்பர் என்னிடமிருந்த வாகனத் திறப்பை வாங்கிவிட்டார். பெண்டுகளிட்டை வாகனம் குடுத்தா இப்பிடித்தான் என்று ஒரு வசனம், அதுதான் அவர் கடைசியாக என்னோடு பேசியது. போன வருஷம் அவர் பின்னுக்கு எடுத்துத் தூணில் இடித்தது மண்குடம், நான் உடைத்தது பொன்குடம். நாற்பத்து நான்கு வயதில், இரண்டு தரம் தவறி மூன்றாம் தரத்தில், ஜெர்மனில் எழுதிப் பாஸ் பண்ணின லைசென்ஸ் என்னுடையது. இப்போது நாலரைக்கு எழும்பி இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறேன். அவர் எஞ்சின் இல்லாத வாகனத்தின் திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பக்டரிக்குப் போய் வருகிறார். விளக்கு எரிஞ்சால் கவனம் என்றவர், எதைக் கவனிக்க என்று சொல்லாமல் விட்டதை இன்றுவரை வாயால் ஒத்துக்கொள்ளவில்லை. நீயும் அவரோடு போனில் பேசுகிறாய், அம்மாவில பிழை இல்லை அப்பா என்று ஒரு சொல் சொல்லவில்லை என்று நடாலி சொன்னாள்.

செல்வராசா வேறு எஞ்சின் பிடித்துவிட்டார், செப்டெம்பர் பதினான்காம் திகதி சனிக்கிழமை வாகனம் வீட்டுக்கு வருகிறது. நீ வெள்ளி இரவே இங்கே நிற்க வேண்டும். பரீட்சை, பேராசிரியர் என்று சாட்டுச் சொல்லாதே. அப்பாவுக்கு முன்னால் நின்று, விளக்குப் போட்டவனும் நான், பேர் எழுதினவனும் நான், ஓட்டுறவளுக்குச் சொல்லாமல் போனவனும் நான் என்று உன் வாயால் சொல். திறப்பு என் கைக்கு வரும்வரை உனக்குச் சாப்பாடு இல்லை, கட்லட் கனவிலும் இல்லை. பிறகு என்னை ஓட்டுகிற ஆசனத்தில் இருத்தி, அந்த முள்ளு எத்தனையில் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல், அவருக்கு அல்ல. நூற்றி முப்பது என்றால் நிப்பாட்ட வேண்டும் என்று செல்வராசாவிடம் கேட்டுப் படித்துவிட்டேன், என்றாலும் உன் வாயால் கேட்க வேண்டும். சிவப்பு விளக்குக்கு ஒயில் என்று எழுது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு துளை போட்டு, நான் கேட்ட விளக்கைப் பூட்டு. அதற்குப் பெற்றோல் என்று எழுது.

ஒன்றை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. டுயிஸ்பேர்க்கில் அந்த விளக்கு எரிந்தபோது எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. மூன்று வருஷம் கேட்டதைச் செய்து, எனக்குச் சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். பிளோறன்ஸ் அக்காவிடம் விளக்கைக் காட்டி, என்ரை பிள்ளை எனக்கெண்டு பூட்டித் தந்தது பாருங்கோ அக்கா என்றேன். செல்வராசா சிரித்தபோது அவவும் பக்கத்தில் நின்றா. அவ மட்டும் சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டா.

தூய மரியாள் உன்னைத் தன் சேலைத் தலைப்பில் மூடிக் காப்பாராக. குளிருக்கு முன் நல்ல சப்பாத்து வாங்கு, ஞாயிறு பூசை விடாதே, சனிக்கிழமையை மறக்காதே.

இப்படிக்கு,
திறப்பில்லாத உன் அம்மா
யோ. இமெல்டா