வசந்தா அக்காவின் சேலைகளால் ஒரு போர்வை

நான் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத என் வசந்தா அக்காவுக்கு,

அன்போடுதான் எழுதுகிறேன். ஆனால் அன்பு மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். நீங்கள் வாழ்ந்த வீட்டில், நீங்கள் கட்டிக்கொண்ட மனிதரோடு, நீங்கள் பெற்ற பெண்ணோடு நான்கு வருடமாக வாழ்கிறேன். நான்கு வருடமும் உங்கள்மேல் எனக்குப் பொறாமை. இறந்துபோனவர்மேல் பொறாமைப்படலாமா அக்கா? தெரியவில்லை. பட்டுவிட்டேன்.

மஞ்சள் காமாலையில் நீங்கள் போனபோது தேவிக்குப் பதினோரு வயது. இரண்டு வருடம் கழித்து, கவரைப்பேட்டையில் இருக்கும் நம் வீட்டுக்கு நான் வந்தேன். முதல் நாள் புளிக்குழம்பு வைத்தேன். உங்கள் வீட்டுக்காரர், அதாவது நம் வீட்டுக்காரர், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "வசந்தா இதுல கொஞ்சம் வெல்லம் போடுவா" என்றார். அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை நான் குழம்பில் வெல்லம் போட்டதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தேவி பீரோவைத் திறந்து உங்கள் சேலைகளில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். என்னைப் பார்த்தால் சட்டென்று மூடிவிடுவாள். ஒரு நாள் அவள் இல்லாத நேரத்தில் ஒன்பது சேலைகளையும் எடுத்து, சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்துப் போட்டேன். பூச்சி வந்துவிட்டது என்று காரணம் சொன்னேன். பூச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்கள் வாசனை போகவேண்டும், அவ்வளவுதான். அவள் முகர்ந்து பார்த்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. பத்து நாள் என்னோடு பேசவில்லை.

இந்த வருடம் அவள் பிளஸ் டூ. திருப்புதல் தேர்வில் பாதியில் மயங்கி விழுந்துவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. "புக்கத் தொறந்தாலே கை நடுங்குது சித்தி" என்றாள். டாக்டர், உடம்பில் ஒன்றுமில்லை, பயம்தான், அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நம் வீட்டில் ஏது அமைதி? கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் அப்போது ஷிப்மெண்ட் அவசரம். ஞாயிற்றுக்கிழமைகூடப் பாதி நாள் வரச்சொன்னார்கள். இவருக்கு இரும்பு மில்லில் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருந்தது. பிள்ளை தனியாக உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசையில் ரஹீமா. பழவேற்காட்டுக்காரி. அவளிடம் புலம்பினேன்.

"எங்க ஊட்ல பழைய பொடவைங்கள ஒண்ணா வெச்சித் தெச்சி போர்வ பண்ணுவோம். அது மேல படுத்தா புள்ளைங்க அடங்கிக் கெடக்கும். அவங்கம்மா பொடவைல ஒண்ணு தெச்சிக் குடேன்" என்றாள்.

"ஏன், என் பொடவைல தெச்சா தூக்கம் வராதா?"

"செத்துப்போனவங்ககூட இன்னாடி போட்டி ஒனக்கு?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேவியிடம் கேட்டேன். பீரோக் கதவில் கை வைத்தபடி, "வெட்டிடுவியா?" என்றாள். "நீ வேணாம்னா வேணாம்" என்றேன். ஏழு சேலைகளை எடுத்துக் கொடுத்தாள். இரண்டை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கு நீங்கள் கட்டிப்போனதாகத் தேவி சொன்ன மஞ்சள் சேலையைத்தான் முதலில் வெட்டினேன். கத்தரிக்கோல் உள்ளே போனபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது அக்கா. மறைக்க மாட்டேன். ஆனால் தைக்க ஆரம்பித்தபிறகு அது நிலைக்கவில்லை. நாளெல்லாம் மெஷின் இரைச்சல், சூப்பர்வைசர் சத்தம். சாப்பாட்டு நேரத்தில் வேகமாகச் சாப்பிட்டுவிட்டு, சதுரம் சதுரமாக வெட்டிய உங்கள் துண்டுகளைக் கையால் இணைப்பேன். ஊசி போய் வரும்போது மூச்சும் சீராகப் போய்வந்தது. அவளுக்காக ஆரம்பித்த வேலை என்னையும் அமைதியாக்கியது. அதுகூட உங்கள் சேலையால்தானே என்று நினைத்து மறுபடியும் எரிந்தேன்.

நீலச் சேலையின் முந்தானையில் ஒரு கிழிசலை நீங்கள் தைத்திருந்ததைக் கண்டேன். அதே நிற நூல், எறும்பு ஊர்ந்ததுபோலப் பொடித் தையல். பதினெட்டு வயதிலிருந்து தைத்துப் பிழைக்கிறவள் நான். எனக்கு அவ்வளவு பொடியாக வராது. அந்தத் துண்டைக் கால்மாட்டில் வைத்துத் தைத்தேன். நட்டநடுவில், என் கல்யாணச் சேலையிலிருந்து கிளிப்பச்சையில் ஒரு சதுரம் வெட்டி வைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால் கொடுத்தேன். தேவி அதைத் தரையில் விரித்துப் படுத்தாள். ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினாள். அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். நான் தைத்த போர்வை. ஆனால் அவள் தூங்கியது உங்கள் மடியில். வயிறு எரிந்தது, கண்ணும் நிறைந்தது. எது முதலில் என்று கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள் என் கிளிப்பச்சைத் துண்டு, நூல் பிரிக்கப்பட்டு, மடித்து, என் சாப்பாட்டுப் பைமேல் இருந்தது. போர்வையின் நடுவில், அடித்துணி வெள்ளையாகத் தெரிய, ஒரு சதுர ஓட்டை.

"நான் கேக்கட்டுமா அவள?" என்றார் இவர்.

"ஒண்ணும் கேக்காத. பரீட்ச முடியட்டும்."

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனதும் கால்மாட்டில் இருந்த நீலத் துண்டைப் பிரித்து நடுவில் வைத்துத் தைத்தேன். கால்மாட்டில் உங்கள் சேலையிலேயே வேறு துண்டு போட்டேன். ஏன் செய்தேன்? தோற்றுப்போனதாலா, அதுதான் சரியான இடம் என்பதாலா? எனக்கே தெரியாது.

கடைசிப் பரீட்சையன்று தேவி ரயிலேறி நேராகக் கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டாள். பயந்துபோய் ஓடினேன்.

"நல்லா எழுதிட்டேன்" என்றாள். பிறகு, "அந்தத் துண்ட நான்தான் பிரிச்சேன்."

"தெரியும்."

"கோவமா?"

"கோவம் இல்லடி. பொறாம. ஒங்கம்மா மேல எனக்குப் பொறாம." வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா மொகமே பாதி மறந்துபோச்சி சித்தி. நைனாகிட்ட சொன்னா அழுவாரு. அந்தப் போர்வைல ஒன்னுதும் கலந்துச்சின்னா, எது அவங்க எது நீன்னு கொழம்பிடுவேன். அதுல அவங்க மட்டும் இருக்கட்டும். ஒன் பொடவைல எனக்குத் தனியா ஒண்ணு தெச்சிக் குடு."

கேட்டில் வேன் ஹாரன் அடித்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் நடுக்கம் இல்லை.

உங்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி இதுதான். நம் பெண் பாஸாகிவிட்டாள். திருவள்ளூர் பக்கம் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டல். இரண்டாவது போர்வை முக்கால்வாசி முடிந்துவிட்டது. துண்டுகளை அவளே தேர்ந்தெடுத்தாள், ஓரத்தையும் அவளே தைக்கிறாள். அவள் தையல் பொடியாக வருகிறது. யாருடைய கை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. இப்போதும் லேசாக எரிகிறது அக்கா, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் கிளம்பும் அன்று இரண்டு போர்வைகளையும் ஒரே பையில் நானே மடித்து வைப்பேன். எந்த ராத்திரிக்கு எது வேண்டும் என்பதை அவள் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்கமாட்டேன்.

உங்களுக்குப் பின்னால் வந்த தங்கை,
மல்லிகா